ஆபரேஷனுக்குப் பிறகும் கடை திறந்திருக்கும்

ஜாக்கெட் தைக்கிற தொழிலில் துணியைப் பார்ப்பதைவிட உடம்பைப் பார்ப்பதுதான் அதிகம். எதிரில் வந்து நிற்கிற பெண்ணுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கிறதா, போன தடவையைவிட இளைத்திருக்கிறாளா, மாசமாக இருப்பதை இன்னும் வீட்டில் சொல்லாமல் இருக்கிறாளா என்பதெல்லாம் டேப்பைக் கையில் எடுப்பதற்குள் எங்களுக்குத் தெரிந்துவிடும். அப்படி ஊர்ப் பெண்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, என் உடம்பில் வந்த கட்டி மட்டும் தெரியவில்லை. ஒரு நாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. அதற்குள் அது சுண்டைக்காய் அளவைத் தாண்டியிருந்தது.

என் கடை சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. கடை என்றால் எங்கள் வீட்டு முன்னறைதான். வீட்டுக்காரர் ரவி, ஒரகடத்தில் கம்பெனி வேன் ஓட்டுகிறார். ஒரே பெண் நித்யா. ஆபரேஷன் ஆகி இது ஆறாவது வருஷம். இந்த வருஷங்களில் கடையில் நடந்ததையும் கேட்டதையும்தான் இங்கே சொல்கிறேன். உடம்புக்கு வந்துவிட்டது என்று தொழிலை மூடிவிட முடியாதவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஊசி குத்தக் கூடாது

எனக்கு ஆபரேஷன் வலது பக்கம். மார்பை எடுத்ததோடு அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். பிறகு கீமோ, அதற்குப் பிறகு கரண்ட். டாக்டர்கள் ரேடியேஷன் என்பார்கள், வார்டில் நாங்கள் எல்லோரும் கரண்ட் என்றுதான் சொல்வோம். எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்று, சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தர் என்னை உட்கார வைத்து, இனிமேல் வலது கையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். அந்தக் கையில் நீர் கோத்து வீங்கலாம். கனம் தூக்கக் கூடாது. சூடு படக் கூடாது. பிரஷர் பார்க்கக்கூட அந்தக் கையை நீட்டக் கூடாது. முக்கியமாக, ஊசி குத்திக்கொள்ளக் கூடாது. சின்னக் காயம் என்றாலும் சீழ் பிடித்து ஜுரத்தில் கொண்டுபோய் விடும்.

அவர் சொல்லச் சொல்ல நான் மனசுக்குள் என் கடையைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். கனம் என்றால் இஸ்திரிப் பெட்டி. சூடு என்றாலும் அதே பெட்டிதான். ஊசியை நினைக்கவே பயமாக இருந்தது. கீமோவில் விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது. குத்தினால்கூட எனக்கே தெரியாது, துணியில் சிவப்பாகப் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை அப்படியே வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ்தான் எனக்காகப் பேசினாள்: "ஊசிய தொடாம தைக்கிறதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க டாக்டர், எங்கம்மாவும் டெய்லர்தான்."

தை மாசம் வரைக்கும்

தலையில் முடி முளைக்க ஆரம்பித்த சமயம். துணியைக் கட்டிக்கொண்டு கடையைத் திறந்துவிட்டேன். திறந்த வாரத்திலேயே பெரிய காஞ்சிபுரத்திலிருந்து எப்போதும் வருகிற அம்மா ஒருத்தர் வந்தார். அவர் பெண்ணுக்குக் கல்யாணம். பட்டு ஜாக்கெட் துணிகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், மாப்பிள்ளைக்கு என்ன வேலை, சத்திரம் எங்கே என்று எல்லாம் சொன்னார். பை மட்டும் மடியை விட்டு இறங்கவில்லை. பேசும்போதெல்லாம் அவர் கண் என் தலையில் இருந்த துணிக்குப் போய்ப் போய் வந்தது.

அவருக்கு என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எப்படிக் கேட்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. நானாகவே, வைத்தியம் முடிந்துவிட்டது, இனிமேல் மாத்திரைதான், வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் என்று சொன்னேன். தலையாட்டினார். பை அப்படியே இருந்தது. கடைசியில் துணியைக் கொடுத்துவிட்டுத்தான் போனார், நானும் மார்கழி முடிவதற்குள் எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்தேன், பெண் இப்போது ஒரு குழந்தையோடு பெங்களூரில் இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவர் கேட்டது, ஒவ்வொரு தை மாசமும் எனக்கு ஞாபகம் வந்துவிடுகிறது: "தப்பா நினைச்சிக்காத கலா, முகூர்த்தம் தையில. அது வரைக்கும் நீ இருப்பேன்னு ஒரு வார்த்த சொல்லிடு, நான் துணிய குடுத்துட்டு போயிக்கினே இருக்கேன்."

ஷமீம் கையில் கத்திரி

ஒலிமுகமதுபேட்டையிலிருந்து வருகிற ஷமீம் எங்கள் கடையில் ஹெம்மிங், கொக்கி, புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது என்று கைத்தையல் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிங்கை அவளிடம் நான் கொடுத்ததே இல்லை. எந்த டெய்லரும் லேசில் கொடுக்க மாட்டார், உங்களுக்குத் தெரியும். ஆனால் கத்திரியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வெட்டினால் என் கை மணிக்கட்டிலிருந்து மேலே வரைக்கும் வீங்க ஆரம்பித்துவிடும். ஆஸ்பத்திரியில் சொன்ன இறுக்கமான உறையைப் போட்டுக்கொண்டால் கை மடங்காது. ஒரு நாள் வளையலைக் கழற்ற முடியாமல் சோப்பு போட்டு இழுத்தோம். அன்றைக்கு ஷமீமைக் கூப்பிட்டு, நீதான் வெட்ட வேண்டும் என்று சொன்னேன்.

பழைய வேட்டியிலும் பேப்பரிலும் வெட்டிப் பழகினாள். பிறகு நிஜமான துணி வந்தது. மாம்பழ நிறத்தில் பட்டு, அரக்கு பார்டர். பட்டுப் புடவைக்கு ஜாக்கெட் துணி அந்தப் புடவையோடு சேர்ந்தே வருகிறது. அந்த முக்கால் மீட்டரில் தப்பாகக் கத்திரி போட்டுவிட்டால், அதே நிறத்தில் அதே ஜரிகையில் இன்னொரு துண்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. முழுப் புடவைக்கும் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான். இடது கையால் சாக்பீஸ் பிடித்து நான் கோடு போட்டேன். கோடு கோணலாக வந்தது, அழித்துவிட்டு மறுபடி போட்டேன். இன்னொரு கவலையும் அந்த மேஜை மேலேயே இருந்தது. அன்றிலிருந்து கட்டிங் கூலியில் பாதி ஷமீமுக்கு. அதுதான் நியாயம். ஆனால் அந்தப் பாதியை நம்பித்தான் நித்யா காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். ஷமீம் கத்திரியைத் துணியில் வைத்தவள், வெட்டாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்: "அக்கா, நீ மொதல்ல மூச்ச விடு. நீ விட்டாத்தான் நான் கத்திரி போடுவேன்."

கழுத்து இறங்கிவிட்டது

அந்த முதல் வருஷம் முழுக்க யாரும் என்னிடம் பேரம் பேசவில்லை. சொன்ன கூலியைக் கொடுத்தார்கள், சில பேர் மீதிச் சில்லறையை வாங்காமல் போனார்கள். நாள் தள்ளிப் போனாலும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரக்கப்பட்டுக் கொடுப்பவர்கள் ஒரு தடவை, ரெண்டு தடவை கொடுப்பார்கள். மூணாவது தடவை இரக்கப்படத் தேவையில்லாத கடைக்குப் போய்விடுவார்கள். அது எனக்குத் தெரிந்திருந்ததால், சில்லறையை அவர்கள் வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம் கடையில் எத்தனை துணி தொங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பேன். நான் நினைத்தது போலவே வைகாசிக்குள் கடையில் தொங்கிய துணிகள் குறைந்துவிட்டன.

வைகாசியில் கருட சேவை. எங்கள் பகுதியில் அந்த வாரம் எந்த டெய்லரும் நிமிர்ந்து உட்கார முடியாது, எல்லோருக்கும் சாமி புறப்பாட்டுக்கு முந்தின நாளே ஜாக்கெட் வேண்டும். எங்கள் தெருக் கோடியில் பூக்கடை வைத்திருக்கிற வசந்தா, கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனவள், அரை மணி நேரத்தில் அதைச் சுருட்டிக்கொண்டு வேகமாகத் திரும்பி வந்தாள். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள். முதலில் எனக்கு முகம் சுண்டிப் போனது. பிறகு கூலியில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பேரம் ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ரொம்ப நாள் கழித்து ஒருத்தி என்னை டெய்லராகப் பார்க்கிறாள். தோள் தையலைப் பிரித்துக் கழுத்தை ஏற்றிக் கொடுத்தேன், கூலியையும் குறைத்துக்கொண்டேன். ஆனாலும் அவள் விடவில்லை: "கேன்சர் வந்துச்சி, போச்சி, அது சரி. அதுக்கு என் கழுத்த இப்டி எறக்கி வெப்பியாமா?"

கூரத்திலிருந்து வந்தவள்

ஒரு நாள் மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். பேர் அமுதா, கூரத்திலிருந்து வருகிறேன் என்றாள். வீட்டுக்காரர் ஒரு முதலாளிக்குக் கூலிக்குப் பட்டு நெய்கிறார், அவள் தறிக்குத் தேவையான நூலைச் சுற்றிக் கொடுக்கிறாள். ஒரு அளவு ஜாக்கெட்டை நீட்டி, இதே அளவுக்குத் தைத்துவிடுங்கள் என்றாள். நான் டேப்பை எடுத்தேன். அளவு எடுக்க வேண்டாம், அதான் ஜாக்கெட் கொடுத்திருக்கிறேனே என்று ஒரு அடி பின்னால் போனாள். அவள் முந்தானையை இடது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தேன். நான் எத்தனை நாள் அப்படிப் பிடித்திருப்பேன். அளவு ஜாக்கெட் அவளுடையதுதான், ஆனால் ஆபரேஷனுக்கு முந்தையது.

நான் கதவைச் சாத்திவிட்டு, என் முந்தானையை விலக்கி, உள்ளே நான் எனக்கென்று தைத்து வைத்திருந்த பஞ்சுப் பையைக் காட்டினேன். வெறும் பஞ்சு என்றால் காற்று மாதிரி மேலே ஏறிவிடும். அதனால் அடியில் கொஞ்சம் கேழ்வரகைத் துணியில் முடிந்து வைத்துத் தைத்திருந்தேன். கடையில் விற்கிற சிலிகான் இருக்கிறது, அதன் விலையை விசாரித்துவிட்டு வந்தவர்களுக்கு நான் ஏன் கேழ்வரகுக்குப் போனேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அமுதா அதைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தாள். அளவு எடுக்க விட்டாள். மறு வாரம் வந்து, உள்ளே பை வைத்துத் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அழுவாள் என்று நினைத்து நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்தேன். அவள் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள், இடது கையைத் தூக்கிப் பார்த்தாள், ரெண்டு தடவை குனிந்து நிமிர்ந்தாள். பிறகு கேட்டாள்: "பஸ்ஸுல கம்பிய புடிச்சி நின்னா மேல ஏறிக்காதில்ல அக்கா?"

அஞ்சு வருஷ லோன்

எங்கள் மெஷின் கால் மெஷின். அதில் சக்கரத்தைச் சுற்றிவிடுவது வலது கைதான். மோட்டார் வைத்த புது மெஷின் ரெண்டு வாங்கினால் நானும் ஷமீமும் சேர்ந்து உட்காரலாம், கை சக்கரத்தைத் தொட வேண்டியதில்லை. ஆனால் கையில் ஒன்றும் இல்லை. ஆபரேஷனுக்கு அரசாங்கக் காப்பீடு இருந்தது. ஆனால் வெளியே எடுத்த ஸ்கேன், ஆஸ்பத்திரியில் இல்லாத அன்றைக்கு வெளியே வாங்கிய மருந்து, ரவி வேன் ஓட்டாத நாட்கள், இவற்றுக்கெல்லாம் காப்பீடு கிடையாது. என் நகை அதற்குத்தான் போயிருந்தது. அதனால் பேங்க்குக்குப் போனேன். திருப்பிக் கட்ட அஞ்சு வருஷம் தருவோம் என்றார்கள். அந்த வார்த்தை எனக்குப் பழகினதுதான். ஆஸ்பத்திரியிலும் நூற்றுக்கு எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று அஞ்சு வருஷக் கணக்கில்தான் பேசுவார்கள்.

லோனோடு சேர்த்து ஒரு இன்ஷூரன்ஸ் போட வேண்டும், அதில் பெரிய வியாதி ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. மறைக்கலாமா என்று ரவியைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். நான் உண்டு என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் இன்ஷூரன்ஸ் கிடையாது என்று ஆனது. அப்படியானால் சம்பளம் வாங்குகிற இன்னொருத்தர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நித்யா அப்போதுதான் ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு புடவை எடுத்திருந்தாள். அவள் தலையில் இதை எப்படி வைப்பது என்று தயங்கித்தான் கேட்டேன். அவள் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கிளம்பும்போது, அஞ்சு வருஷம் நான் இருக்க வேண்டுமே மேடம் என்று அந்த ஆபீஸரம்மாவிடம் என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை, எங்களுக்கு டீ கூட வரவழைத்துக் கொடுத்தார். சாதாரணமாகத்தான் சொன்னார்: "யாரு இருப்பாங்கன்னு பேங்க் கேக்கறதில்லம்மா, யாரு கட்டுவாங்கன்னுதான் கேக்கும்."

ஒரு நாள் விட்டு ஒரு நாள்

அமுதா அதற்குப் பிறகு மாசத்துக்கு ஒரு தடவையாவது கடைக்கு வருவாள். தைப்பதற்கு ஒன்றும் இருக்காது, சும்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். எங்களுக்குள் பேச நிறைய இருந்தது. கேன்சர் திரும்பி வராமல் இருக்கத் தினமும் போட வேண்டிய அந்த மாத்திரையைப் போட்டால் திடீரென்று உடம்பெல்லாம் தீயாக எரிவது, ஃபேனுக்கு அடியில் நின்றாலும் வியர்வை ஊற்றுவது, முட்டி பிடித்துக்கொள்வது, இதெல்லாம் வீட்டில் சொன்னால் வயசாகிவிட்டது என்பார்கள். ஒரு தடவை, எனக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், உனக்கும் தீர்ந்திருக்குமே, வா என்று கூப்பிட்டேன். எனக்கு இன்னும் நிறைய இருக்குது என்றாள். ரெண்டு பேரும் ஒரே நாளில் வாங்கினது. எப்படி இருக்கும் என்று துருவிக் கேட்டேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்தாள். மாத்திரை இலவசம்தான். ஆனால் அதை வாங்கப் போகிற நாள் இலவசம் இல்லை. அவள் ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் நூல் சுற்ற ஆள் இல்லாமல் தறி நிற்கும், தறி நின்றால் அந்த வாரக் கூலி குறையும். வருஷச் செக்கப்புக்கும் ரெண்டு தடவையாகப் போகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஷமீம்கூட வேலையை நிறுத்திவிட்டு அவளைத் திட்டினாள். அமுதா கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்: "மாத்திர போட்டா நாள் கூடும்னு சொல்றாங்க. கூடுற நாளுக்கு அரிசி யாரு குடுப்பாங்க அக்கா?"

முதுகு வலி

போன வருஷம் எனக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது. மெஷினில் உட்காருகிறவர்களே, நமக்கு முதுகு வலிக்காத நாள் எது? இத்தனை வருஷமாக வலித்துக்கொண்டுதான் இருந்தது, தைலம் தேய்த்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு தடவை கேன்சர் வந்துவிட்டால் பழைய வலிகூடப் பழைய வலியாக இருப்பதில்லை. தலை வலித்தால் அங்கே போய்விட்டதோ, இருமினால் நெஞ்சுக்கு வந்துவிட்டதோ என்று இருக்கும். முதுகில் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நேற்று வலித்த இடம்தானா இது, இல்லை ஒரு விரல்கடை கீழே இறங்கியிருக்கிறதா? வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் நித்யா லீவு போடுவாள், ரவி வேனை நிறுத்துவார், மெஷின் லோன் இன்னும் பாதிகூடக் கட்டி முடியவில்லை.

எவ்வளவு மறைத்தாலும் பக்கத்து மெஷினில் உட்காருகிறவளிடம் மறைக்க முடியாது. நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து உட்காருவதை ஷமீம் கவனித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவளிடம்தான் முதலில் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டாள். அவள் கையும் சில்லென்றுதான் இருந்தது, ஆனாலும் தைரியமாகப் பேசினாள்: "மெஷின்ல குந்துறவளுக்கு முதுகு வலிக்கலன்னாதான் அக்கா டாக்டர பாக்கணும். போயிட்டு வா, துவா பண்றேன்."

ஒரே பெஞ்சில் ரெண்டு பேர்

ஆஸ்பத்திரிக்கு என்று கிளம்பி, முதலில் கூரத்துக்குப் போய் அமுதா வீட்டு வாசலில் நின்றுவிட்டேன். நீ வராமல் நான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்றேன். எனக்குத் தனியாகப் போகப் பயம் என்பதும் நிஜம்தான். அவள் வீட்டுக்காரர் தறியிலிருந்து எழுந்து வந்து, நூலை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றார். ரெண்டு பேருக்கும் அதே வாரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். ரிசல்ட்டுக்கு ஒரே நாளில் வரச் சொன்னார்கள்.

என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். எலும்பு தேய்மானம், குனிந்து குனிந்து வேலை செய்ததால் வந்தது, கேன்சர் இல்லை என்றார் டாக்டர். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அமுதாவைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே ரொம்ப நேரம் இருந்தாள். எவ்வளவு நேரம் என்பதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு முதுகெலும்பில் வந்திருந்தது. முழுசாகக் குணமாக்க முடியாது, ஆனால் மாத்திரையாலும் ஊசியாலும் பல வருஷம் கட்டுக்குள் வைத்திருக்கலாம், ஒரு நாள்கூட விடாமல் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என் ரிசல்ட் கவரை நான் பைக்குள் தள்ளிவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அவளிடம் எதைப் பேசினாலும் என் சந்தோஷம் வெளியே தெரிந்துவிடுமோ என்று ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன். அவள்தான் என் முழங்கையைத் தொட்டாள்: "உங்களுக்கு நல்லபடியா வந்துச்சில்ல, அத சந்தோஷமா சொல்லுங்க அக்கா. நான் ஒண்ணும் நினைச்சிக்க மாட்டேன்."

உள்ளே விடுகிற துணி

இப்போது அமுதா ஒரு மாத்திரையும் விடுவதில்லை. மாசம் ஒரு தடவை ஊசி. அவள் வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே எழுந்து அன்றைக்கு வேண்டிய நூலைத் தானே சுற்றி வைத்துவிட்டு அப்புறம் தறியில் உட்காருகிறார். முதலாளியிடம் புடவையை ரெண்டு நாள் தள்ளிக் கொடுக்கிறேன் என்று பேசிவிட்டார். முதலாளி முணுமுணுத்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். ஊசி போடுகிற நாளில் அவளோடு நான் போகிறேன். என் கடையை அன்றைக்கு ஷமீம் பார்த்துக்கொள்கிறாள். இன்னும் எவ்வளவு நாள் இப்படி ஓடும் என்று யாருக்கும் தெரியாது. அவள் வீட்டில் யாரும் அதைக் கேட்பதும் இல்லை.

போன மாசம் நாத்தனார் பெண் கல்யாணத்துக்கு என்று ஒரு பச்சைத் துணியைக் கொண்டுவந்தாள். அளவு எடுக்கும்போது டேப் நான் எதிர்பார்த்ததைவிட உள்ளே போனது. நான் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. டெய்லர்கள் எல்லோரும் ஜாக்கெட்டின் பக்கவாட்டுத் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணியை மடித்து விட்டு வைப்போம், பின்னால் உடம்பு போட்டால் பிரித்துவிடலாம் என்று. அவள் இளைத்த உடம்புக்கு உள்ளே துணி நிறைய இருந்தால் புடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் ஒட்ட வெட்டிவிடு என்று ஷமீமிடம் மெதுவாகச் சொன்னேன். மெதுவாகச் சொன்னது அமுதா காதில் விழுந்துவிட்டது. ஷமீம் கையிலிருந்த துணியை அவளே வாங்கி, எவ்வளவு விட வேண்டும் என்று விரலால் மடித்துக் காட்டினாள். நாங்கள் விடுகிறதைப்போல ரெண்டு பங்கு இருந்தது: "நல்லா துணி விட்டு தைங்க அக்கா. இந்த ஊசிக்கு உடம்பு ஏறும்னு டாக்டர் சொல்லிக்கினு இருக்காரு, அப்ப பிரிச்சிக்கலாம்."

தையல்காரி சொல்கிற நாளை யாரும் நம்புவதில்லை, டாக்டர் சொல்கிற நாளை நானும் முழுசாக நம்புவதில்லை. ஆனாலும் டாக்டரும் நானும் நாள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், எல்லோரும் அந்தந்த நாளில் வந்து நின்றுகொண்டுதான் இருக்கிறோம்.